சீனத்துத் தூபக்காலும் அதன் சாம்பலும்

கல்கத்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கு டிரெட்டி பஜார் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பலகாரம்தான் நினைவுக்கு வரும். (2001-இல் ஊரின் பெயர் மாறிவிட்டது, எனக்கு இன்னும் நாக்கு மாறவில்லை.) விடிந்தும் விடியாததுமாக, ஆவி பறக்கும் பாத்திரங்களோடு சீனக் குடும்பங்கள் தெருவோரத்தில் கடை விரிக்கும். அதற்காக லேக் மார்க்கெட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போகிற நண்பர்களை நான் அறிவேன். ஆனால் அந்தக் கடைகளுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் சீனக் கோயில்களுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் நம்மில் வெகு குறைவு. ஊரார் அவற்றை 'சர்ச்' என்று அழைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1905-இல் கட்டப்பட்ட ஸீ இப் சர்ச்சின் மாடியில் வீற்றிருப்பவள் குவான் யின், கருணையின் தெய்வம். அவள் முன்னால் ஒரு பெரிய தூபக்கால், கழுத்து மட்டும் சாம்பல் நிறைந்து, அதில் ஊதுவத்திகள் செருகி நிற்கும்.

அந்தத் தூபக்கால்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முப்பது வருஷங்களுக்கு மேலாக நான் அவற்றைச் சேர்த்து வருகிறேன். இப்போது கையில் பதினேழு இருக்கின்றன. "சாம்பிராணி போட ஒன்று போதாதா, பதினேழு எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் வடிவத்தைச் சொல்கிறேன். சீனத்துத் தூபக்கால் என்றதும் மூன்று காலும் இரண்டு காதும் உள்ள வெண்கலப் பாத்திரம் கண்முன் வரும். அது உண்மையில் தூபத்துக்கென்று பிறந்த பாத்திரமே அல்ல. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஷாங், சோ அரச குலங்களின் காலத்தில், முன்னோர்களுக்கு இறைச்சி சமைத்துப் படைத்த 'டிங்' என்னும் பாத்திரம் அது. நெருப்பு மூட்ட அடியில் இடம் வேண்டும், தரை மேடுபள்ளமாக இருந்தாலும் ஆடாமல் நிற்கவேண்டும். அதற்காக மூன்று கால்கள். சமையல் போனது, படையல் நின்றது. பிறகு சோங் அரச குலத்தின் காலத்தில், 11, 12-ஆம் நூற்றாண்டுகளில், படித்தவர்களுக்குப் பழம்பொருள் மோகம் பிடித்தது. ஹுயிசோங் என்ற பேரரசர் தம் அரண்மனையில் இருந்த பழைய வெண்கலங்களையெல்லாம் படம் வரைந்து பட்டியல் போடச் செய்தார். அதைப் பார்த்துப் பார்த்து, பழைய சமையல் பாத்திரத்தின் உருவத்திலேயே தூபக்கால்களைச் செய்ய ஆரம்பித்தார்கள், வெண்கலத்திலும் பீங்கானிலும். ஆக, முன்னோருக்குச் சோறு படைத்த பாத்திரம் முன்னோருக்குப் புகை படைக்கும் பாத்திரம் ஆயிற்று. காகத்துக்குச் சோறு வைக்கும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தூபத்துக்கென்றே பிறந்த வடிவம் வேறு ஒன்று உண்டு. ஹான் காலத்து 'போஷான்லு', அதாவது மலைத் தூபக்கால். மூடி முழுவதும் ஒரு மலை. சிகரங்களுக்கு இடையே துவாரங்கள். உள்ளே வாசனைப் பொருள் எரியும்போது அந்தத் துவாரங்கள் வழியாகப் புகை கசிந்து, மலையைச் சுற்றி மேகம் தவழ்வதுபோல் இருக்கும். கிழக்குக் கடலில் சாவே இல்லாத சித்தர்கள் வாழும் தீவுமலைகள் இருக்கின்றன என்று சீனர்கள் நம்பினார்கள். கூடத்தில் உட்கார்ந்தபடியே அந்த மலையைப் பார்க்க இப்படி ஓர் ஏற்பாடு. கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறை 1968-இல் ஹெபெய் மாகாணத்தில் திறக்கப்பட்டபோது, பொன் இழைத்த வெண்கல மலைத் தூபக்கால் ஒன்று கிடைத்தது. உயரம் 26 செ.மீ.தான். நான் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதன் சிகரங்களுக்கு நடுவே மிருகங்களும் வேடர்களும் ஒளிந்திருக்கிறார்கள். அலைகள் பொன் கோடுகளாக ஏறுகின்றன. அதே கல்லறையில்தான் பச்சைக்கல் தகடுகளைப் பொன் கம்பியால் தைத்த அந்தப் பிரசித்தி பெற்ற சவ உடையும் கிடைத்தது. உலகமெல்லாம் உடையைப் பற்றிப் பேசிற்று. எனக்கு அந்தத் தூபக்கால் போதும்.

உருவங்களுக்கு வருவோம். மூடியின் மேல் சிங்கம் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பெரும்பாலும் சுவான்னி. டிராகனுக்கு ஒன்பது பிள்ளைகள் என்றும், ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் என்றும் சொல்வார்கள். நெருப்பும் புகையும் பிடித்த பிள்ளை இது. அதனால் தூபக்காலில் இடம் கொடுத்துவிட்டார்கள். நெற்றியில் ஒற்றைக் கொம்போடு தனியாக நிற்கும் மிருகம் லூதுவான். ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் லீ தூரம் ஓடும், எல்லா நாட்டு மொழியும் அதற்குத் தெரியும். பீகிங் அரண்மனையில் சிம்மாசனத்தின் இரு பக்கமும் லூதுவான் தூபக்கால்கள் நிற்கின்றன. எட்டு மொழி பேசும் நம் கல்கத்தா டாக்ஸிக்காரர்களுக்கு உவமை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். வௌவால் செதுக்கியிருந்தால் அருவருப்பு வேண்டாம். சீன மொழியில் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் 'ஃபு' என்று ஒரே உச்சரிப்பு. வட்டத்துக்குள் கோலம்போல் ஓர் எழுத்து தெரிந்தால் அது 'ஷௌ', தீர்க்காயுள். ஊதுவத்தியை மூன்றாக ஏற்றுவது வானம், பூமி, மனிதர் என்ற மூன்றுக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம்.

எல்லாத் தூபக்காலும் சாமிக்கு முன்னால் நின்றதல்ல. கோயிலிலும் வீட்டுப் பீடத்திலும் வைப்பது ஐந்து உருப்படி: நடுவில் தூபக்கால், இரு பக்கமும் மெழுகுவர்த்தித் தண்டுகள், அதற்கப்பால் பூச்சாடிகள். படிப்பாளியின் மேஜையில் இருப்பதோ மூன்று உருப்படி: சின்னத் தூபக்கால், வாசனைப் பொருளுக்கு ஒரு டப்பி, கரண்டியும் குச்சியும் போட ஒரு குப்பி. அங்கே புகை வராமல் மணம் மட்டும் வரவேண்டும். நெருப்புப் பிடித்த கரித்துண்டைச் சாம்பலுக்குள் புதைப்பார்கள். அதன் மேல் ஒரு காக்காப்பொன் தகடு. தகட்டின் மேல் அகில் கட்டையின் சிறு சில்லு. கட்டை எரியாது, சூட்டில் உருகி மணக்கும். பாத்திரத்தில் சாம்பல் சரியான பதத்தில் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. சாம்பல்தான் சூட்டை அடக்கி ஆள்கிறது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பலுக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சேகரிப்பவர்களின் தலைவலி. நூற்றுக்குத் தொண்ணூறு வெண்கலத் தூபக்கால்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஆறு எழுத்துகள் இருக்கும்: 'மகா மிங் ஷுவான்தே ஆண்டுகளில் செய்தது' என்று பொருள். ஷுவான்தே பேரரசர் ஆண்டது 1426 முதல் 1435 வரை. 1428-இல் சயாம் நாட்டிலிருந்து நேர்த்தியான செம்பு காணிக்கையாக வந்தது, வழக்கமாக ஆறு முறை உருக்கிப் புடம் போடுவதைப் பேரரசர் பன்னிரண்டு முறையாக்கினார், அதிலிருந்து ஆயிரக்கணக்கில் தூபக்கால்கள் வார்க்கப்பட்டன என்பது பழைய கதை. கதையைச் சொல்லும் நூலே பிற்காலத்துச் சரக்கு என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஷுவான்தே காலத்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தூபக்காலைக் காட்டுவதே கடினம். மிங் காலத்தின் கடைசியிலும், பின்னால் சிங் காலத்திலும், போன நூற்றாண்டிலும், ஏன், போன மாதமும்கூட, அந்த ஆறு எழுத்தைப் போட்டு வார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பெரியவர் பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல மரியாதைக்குப் போட்ட எழுத்தும் உண்டு. விலை சொல்கிறவன் 'ஐந்நூறு வருஷம் சார்' என்றால் மட்டும் எழுந்து வந்துவிடவேண்டும்.

ஷுவான்தேயின் தாத்தா யோங்லே பேரரசர். கடல் தளபதி செங் ஹோவை மேற்கே அனுப்பியவர் அவர்தான். செங் ஹோ 1409-இல் இலங்கைக்கென்று பொறித்துக் கொண்டுவந்த கல்வெட்டு, 1911-இல் காலி நகரத்தில் ஒரு மதகில் அகப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று ஒரே கல்லில் மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கைகளை எண்ணிக்கையோடு பட்டியலிடுகிறது: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய், சந்தனம், இவற்றோடு பொன் வேலைப்பாட்டுப் பீடங்களில் வைத்த வெண்கலத் தூபக்கால்கள் ஐந்து. தமிழ்ப் பகுதி இதேபோன்ற காணிக்கைகளைத் தேனவரை நாயனாருக்குச் செலுத்தியதாகச் சொல்கிறது. சீனப் பேரரசர் ஒருவர் நம் மொழியில், நம் பக்கத்துச் சாமிக்கு வரிசை அனுப்பியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1015-இல் சோழர் தூதுக்குழு சீனத்துக்குப் போனபோது முத்தும் யானைத் தந்தமும் மட்டுமல்லாமல் குந்திரிக்கமும் கொண்டுபோனது. அவர்கள் தூபக்காலில் நம் கப்பல் கொண்டுபோன சரக்கும் புகைந்திருக்கிறது.

விலை, தரம் பற்றி இரண்டு வார்த்தை. நல்ல தூபக்கால் கைக்கு எடை காட்டும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக, அடித்தளம் சீராக இருக்கும். முக்கியமானது நிறம். தேன் நிறம், கத்தரிக்காய்த் தோல் நிறம், வெந்த கருணைக்கிழங்கு நிறம் என்று விதவிதமாக உண்டு. மிங் காலத்து மர நாற்காலி மேஜைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற வாங் ஷிஷியாங் (1914-2009) தூபக்கால்களும் சேர்த்தவர். அவற்றுக்குள் இளஞ்சூடான நெருப்பை வருஷக்கணக்கில் அணையாமல் காத்து நிறம் ஏற்றிய விதத்தை அவர் எழுதியிருக்கிறார். அவர் சேகரிப்பு 2003-இல் பீகிங்கில் ஏலத்துக்கு வந்தபோது விலைகள் எங்கேயோ போயின. அப்படி ஏற்றிய நிறத்தை நம் ஊரில் ஒரு கைப்பிடிப் புளி பத்து நிமிஷத்தில் தீர்த்துவிடும். ரஸ்ஸல் தெருவின் ஞாயிறு ஏலங்களில் ஒருமுறை அழகான சிறிய தூபக்கால் ஒன்று வந்தது, மின்ன மின்ன, பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி. யாரோ பொறுப்பாகத் துலக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

இனி சாம்பல். சீனத்தில் 'ஷியாங்ஹுவோ' என்று ஒரு சொல். ஊதுவத்தி நெருப்பு என்று பொருள். குல வாரிசு என்பதற்கும் அதே சொல்தான். ஒரு குடும்பத்தில் ஊதுவத்தி நெருப்பு அறுந்தது என்றால், வம்சம் அறுந்தது, முன்னோருக்குப் படைக்க ஆளில்லை என்று அர்த்தம். புதிய ஊரில் கோயில் கட்டுகிறவர்கள் தாய்க்கோயிலின் தூபக்காலிலிருந்து சாம்பல் எடுத்துப் போய்ப் புதிய தூபக்காலில் இடுவார்கள். ஃபூஜியன், தைவான் பக்கங்களில் அதற்கு 'ஊதுவத்தியைப் பிரித்தல்' என்று பெயர். சிலை புதிதாக இருக்கலாம், கட்டடம் புதிதாக இருக்கலாம். சாம்பல் மட்டும் பழையதிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். பிடிமண் எடுத்துப் போய்க் குலசாமிக்குக் கோயில் எழுப்பும் நம் ஜனங்களுக்கு இது புரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்தது முதலில்; புரிந்துகொண்டது டாங்ராவில். கல்கத்தாச் சீனர்களின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், பட்ஜ் பட்ஜ் பக்கம் சர்க்கரை ஆலை வைத்த அச்சூ என்பவரோடு அது தொடங்குகிறது. அவர் பெயரால் அந்த ஊர் அச்சிபூர். சீனப் புத்தாண்டுக்கு இன்றும் அங்கே போய் அவர் சமாதியில் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பிறகு வந்த ஹக்கா மக்கள் டாங்ராவில் தோல் பதனிடும் தொழில் செய்தார்கள். இருபதாயிரத்துக்கு மேல் இருந்தவர்கள் இன்று சில ஆயிரம்தான். 1962 யுத்தம் ஒரு காரணம். தோல் ஆலைகள் ஊரை விட்டுப் பந்தலாவுக்குப் போகவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னொரு காரணம். போனவர்களில் பலர் டொரண்டோவுக்குப் போனார்கள்.

டாங்ராவில் எனக்குப் பழக்கமான ஓர் அம்மாள், எழுபதை நெருங்கியவர், 2018-இல் பிள்ளைகளிடம் டொரண்டோவுக்குப் புறப்பட்டார். நான் அவரை 'மாஷிமா' என்பேன், அவர் என்னை 'தாதா' என்பார், பேச்சு வங்காளியில். அவர் வீட்டுப் பீடத்தில் ஒரு வெண்கலத் தூபக்கால், ஷுவான்தே எழுத்தோடு. கணவரின் தாத்தா மெய்ஷியன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. என் கணிப்பில் சிங் காலத்துக் கடைசிப் பகுதி. ஊதுவத்திப் புகையே ஏற்றிய நிறம். எவ்வளவோ வருஷங்களாக அதை நான் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

"இதை எடுத்துப் போகலாமா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி மனிதர் யாரும் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது. எந்த நாட்டில் செய்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. சீனாவிலிருந்து ஒரு குடும்பம் கொண்டுவந்த சாமிப் பாத்திரம், நூறு வருஷம் இங்கே இருந்ததால் இங்கேயே தங்கவேண்டும். சட்டம் இருப்பதன் நோக்கம் நல்லது. கோயில் சிலைகள் விமானம் ஏறுவதைத் தடுக்கத்தான் அது வந்தது. மாஷிமாவின் பீடத்தை நினைத்து யாரும் அதை எழுதவில்லை. நான் சொன்னது சரியான சட்டம்; ஆனால் சொல்கிற வாயும் வாங்கக் காத்திருக்கிற கையும் ஒருவருடையதாக இருந்தது எனக்கே பிடிக்கவில்லை. "என் பேச்சை மட்டும் நம்பாதீர்கள், தொல்பொருள் துறையில் கேட்டுவிடுங்கள்" என்றேன். அவருடைய மருமகன் போய்க் கேட்டார். நூறு வருஷத்துக்கு உட்பட்டது என்று நிபுணர்கள் பார்த்துச் சான்று கொடுத்தால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வயதை மறைக்க மாஷிமா ஒப்பவில்லை. "தாத்தா கொண்டுவந்ததை அப்பா வாங்கியது என்று சாமி முன்னால் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் தம் பிறந்த வீட்டைப் பற்றிப் பேசினார். ஷில்லாங்கில் செருப்புக் கடை. 1962 நவம்பரில் குடும்பத்தோடு பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. முகாமில் அவர் அப்பா ஒரு பால்மாவு டின்னில் மணலை நிரப்பி அதில் ஊதுவத்தி ஏற்றினாராம். திரும்பி வந்தபோது கடையும் இல்லை, வீட்டுச் சாமானும் இல்லை. எல்லாம் ஏலம் போயிருந்தது. "தூபக்கால் போனதற்கு அப்பா அழவில்லை, தாதா. அதில் இருந்த சாம்பலை எங்கே கொட்டினார்களோ என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தார்."

அந்த வார்த்தைக்குப் பிறகு என் அலமாரியைப் பார்க்கும் கண் வேறாகிவிட்டது. பதினாறு தூபக்கால்கள், எல்லாம் சுத்தமாக, காலியாக. கடைக்காரர்கள் முதலில் செய்கிற காரியம் சாம்பலைக் கொட்டுவதுதான். எடை குறையும், அடி எழுத்து தெரியும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் மாஷிமா கூப்பிட்டனுப்பினார். குளித்துவிட்டு வந்து, பீடத்தின் முன் மூன்று ஊதுவத்தி ஏற்றி, அவை எரிந்து முடியும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு கரண்டியால் சாம்பலை எடுத்துச் சிவப்புக் காகிதம் ஒட்டிய பிஸ்கட் டின்னில் போட்டார். சாம்பலுக்கு வயது வரம்பு இல்லை. எந்த அதிகாரியும் அதைத் தொல்பொருள் என்று நிறுத்தப் போவதில்லை. கடைசியில் ஒரு கரண்டி அளவை அடியிலேயே விட்டார். விலை பேசவேண்டும் என்று நான் ஆரம்பித்ததும் கையை ஆட்டி, "எடைக்குப் பித்தளை விலை கொடுங்கள், சாமிப் பொருளில் லாபம் பார்க்கக் கூடாது" என்றார். ஏலத்தில் என்ன விலை போயிருக்குமோ அதை ஓர் உறையில் போட்டு அவர் மருமகனிடம் கொடுத்தேன்.

டொரண்டோவில் கடையில் புதிதாக ஒரு பீங்கான் தூபக்கால் வாங்கிச் சாம்பலை அதில் இட்டார்களாம். போனில் பேசும்போது 'எங்கள் பழைய தூபக்கால்' என்று மாஷிமா சொல்வது அந்தப் பீங்கானைத்தான். என்னிடம் இருப்பதைப் பற்றி அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

அதன் பிறகு நான் வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். குடும்பத்திடமிருந்து நேராக வந்தால், சாம்பலை அவர்கள் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்காமல் வாங்குவதில்லை. பதினேழு என்ற எண்ணிக்கை ஏறாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் குடும்பங்கள் சிலவற்றிலும் இந்தப் பாத்திரங்கள் இருக்கின்றன. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்தவை. பேனா போடவும் சில்லறை போடவும் பயன்படுகின்றன. அடியில் ஆறு எழுத்து உள்ள மூன்று கால் பாத்திரம் ஏதாவது உங்கள் வீட்டில் கிடந்தால், சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வாங்க வரமாட்டேன், பயம் வேண்டாம். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். புளி மட்டும் வேண்டாம்.